கத்திச் சவரம் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்டவை

குன்னூரில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக மடக்குக் கத்தியில்தான் சவரம். கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருந்த ஒரு பெரியவர். இப்போது அந்தக் கடையும் இல்லை, அவரும் இல்லை. ஆபீசிலும் கல்யாண வீடுகளிலும், என் தாடையைத் தடவிப் பார்க்காத குறையாக, யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத்தான். பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. சண்டை பிடிக்க வேண்டுமானால் ஒன்றிரண்டு இடம் கிடைக்கலாம்.

மடக்குக் கத்தி என்றால் சலூனில் வைத்திருக்கிறார்களே, அதுதானே?

பார்வைக்கு ஒன்று போல இருக்கும். ஆனால் இன்றைக்கு சலூனில் இருப்பது பிளேடு மாட்டுகிற கத்தி. இரண்டு பக்கமும் கூருள்ள சாதாரண பிளேடைக் காகித உறையோடு நீளவாக்கில் மடக்கி, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உள்ளே சொருகுவார்கள். ஒரு முகத்துக்கு ஒரு பாதி. முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும்.

பழைய கத்தியில் மாற்றுவதற்கு எதுவும் கிடையாது, முழுக்க ஒரே எஃகு. மழுங்கினால் தோல் வாரிலும் கல்லிலும் தீட்டித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து சலூன் நாற்காலியின் ஓரத்தில் ஒரு வார் தொங்கியது இதற்காகத்தான். மஞ்சள் காமாலை பி வகை, எச்.ஐ.வி. போன்றவை ரத்தத்தில் பரவும் என்ற பயம் வந்தபின் சலூன்களில் பொதுக் கத்தி போய்விட்டது. போனதும் நல்லதுதான். வீட்டில் ஒரே ஆள் வைத்திருக்கும் கத்திக்கு அந்தக் கவலை இல்லை. கூடப் பிறந்த தம்பியாக இருந்தாலும் கத்தியைக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள்.

அண்ணா, எதில் ஆரம்பிக்கட்டும்?

இதில் இரண்டு கட்சி உண்டு. பிளேடு கத்தியில் பழகினால் கை கெட்டுவிடும், நேராக முழுக் கத்திக்குப் போ என்பார்கள் சிலர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிளேடு கத்தி எடை குறைவு, கூர் அதிகம், கோணம் கொஞ்சம் தவறினாலும் தோலில் ஏறிவிடும். முழு எஃகுக் கத்தி கனமாக உட்காரும், சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆனாலும் நான் பிளேடு கத்தியைத்தான் முதலில் சொல்வேன். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். உங்களுக்கு இது ஒத்துவருமா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று, தீட்டத் தெரியாதவன் கையில் பத்தாயிரம் ரூபாய்க் கத்தி பத்தே நாளில் மழுங்கிவிடும். அப்போது முகம் எரிந்தால் தப்பு கையிலா கத்தியிலா என்று கண்டுபிடிக்க முடியாது. பிளேடு கத்தியில் கூர் எப்போதும் சரியாக இருக்கும், ஆகவே தப்பு நம்முடையதுதான். கற்றுக்கொள்கிறவனுக்கு இந்தத் தெளிவு வேண்டும்.

முழுக் கத்தி வாங்கும்போது என்ன பார்ப்பது?

அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 5/8 அல்லது 6/8 வாங்குங்கள். 5/8 என்பது கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். 6/8-ஐவிட அகலமானது மூக்கின் கீழே போகாது. 5/8-ஐவிடக் குறுகலானது புதியவர் கையில் திரும்பிக்கொண்டே இருக்கும். நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி மீசை ஓரத்தைத் திருத்த அழகாக இருக்கும். காது மடலையும் அதே அழகோடு கிழிக்கும்.

ஜெர்மனியின் ஸோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் இரண்டும் இதற்குப் பேர்போன ஊர்கள். ஸோலிங்கனில் செய்த பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம் என்று ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது. அதற்காக, பெயர் பொறித்திருப்பதெல்லாம் அசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் முதலில் இணையத்தில் வாங்கியது பளபளவென்று, மரப்பிடியோடு, வெல்வெட் பையில் வந்தது. செய்தித்தாளைக்கூட வெட்டவில்லை. பெரியவரிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிதம் வந்தா கவர் கிழிக்க வச்சுக்கோ தம்பி" என்றார். எனவே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது "முகத்தில் வைக்கிற அளவுக்குத் தீட்டித் தருவீர்களா" என்பதுதான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கத்தி கிடைத்தால், துரு கூர் ஓரத்தில் குழி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் துரு இருந்தால் பரவாயில்லை. கூரில் குழி இருந்தால் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடலாம்.

எப்படிப் பிடிப்பது?

கத்தியை நேராகத் திறந்து, பிடி மேல்நோக்கி நிற்கும்படி அதைக் கத்தியின் முதுகுப் பக்கமாக இன்னும் கொஞ்சம் வளையுங்கள். கூர் முடிந்த இடத்துக்கும் பிடி தொடங்கும் ஆணிக்கும் நடுவே ஒரு தண்டு இருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அந்தத் தண்டின் மேல், கட்டைவிரல் அடியில். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் மேல் சுண்டுவிரல். தோசைக் கரண்டி மாதிரி மொத்தமாகப் பிடிக்கக் கூடாது. பேனா மாதிரி இறுக்கவும் வேண்டாம். யாராவது லேசாக இழுத்தால் கையை விட்டு வந்துவிடும் என்கிற அளவு போதும்.

முப்பது டிகிரி, முப்பது டிகிரி என்கிறார்கள். முகத்தில் பாகைமானியா வைப்பது?

பென்சில் வையுங்கள். கத்தியைக் கன்னத்தில் தட்டையாகப் படுக்கவைத்து, முதுகை மட்டும் தூக்குங்கள். தோலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி வந்தால் 5/8 கத்திக்கு அதுதான் ஏறக்குறைய முப்பது டிகிரி. நுரை போடுவதற்கு முன், முழுக் கத்தியை மடக்கிய நிலையிலோ பிளேடு கத்தியில் பிளேடு மாட்டாமலோ கண்ணாடி முன்னால் நாலைந்து தடவை செய்து பாருங்கள். கோணம் அதிகமானால் சுரண்டும், குறைந்தால் முடியைப் பிடித்து இழுக்கும். இரண்டையும் காதால் கண்டுபிடிக்கலாம். சரியான கோணத்தில் காய்ந்த தேயிலைச் சருகை விரலால் நெரிப்பது போல மெல்லிய சத்தம் வரும். சத்தமே வராவிட்டால் முடியை வெட்டவில்லை, நுரையை வழிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எல்லாம் சரியாகச் செய்தும் வெட்டுகிறது. கை நடுங்குகிறதோ?

கத்தி பிடித்த கையை விடுங்கள். இன்னொரு கை என்ன செய்துகொண்டிருக்கிறது?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் வலது கையையே பார்க்கிறார்கள். வேலை செய்வது இடது கை. தளர்ந்த தோலில் கத்தி ஓடினால் முன்னால் ஒரு சின்ன மடிப்பு எழும்பும். அந்த மடிப்பில்தான் கூர் ஏறும். இழுத்துப் பிடித்த தோலில் மடிப்புக்கு இடமில்லை, முடியும் நிமிர்ந்து நிற்கும்.

பழனிக்குப் போனால் மொட்டை போடும் இடத்தில் பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். சோப்பு, நுரை எதுவும் இல்லை. தலையைத் தண்ணீரில் நனைத்து ஊறவைப்பதோடு சரி. மடியில் உட்கார்ந்த குழந்தை அழுது தலையைத் திருப்பும். கத்திக்காரரின் இடது கை அந்தத் தலையோடு சேர்ந்து திரும்பும். கட்டைவிரல் தோலை விட்டு எழும்புவதே இல்லை. கத்திக்கு முன்னால் ஓர் அங்குலம் தள்ளி எப்போதும் அந்தக் கட்டைவிரல் இருக்கும். தலை நகர்ந்தால் முதலில் தெரிந்துகொள்வது அதுதான், கத்தி அப்புறம்தான் நகரும். நான் பல தடவை மொட்டை போட்டிருக்கிறேன், ஆனால் இதைக் கவனித்தது கத்தி பழகிய பிறகுதான்.

நம் முகத்துக்கு நாமே செய்யும்போது கொஞ்சம் கோமாளித்தனம் வேண்டியிருக்கும். வலது கன்னத்துக்கு, இடது கையைத் தலைக்கு மேலாக வளைத்து, காதுக்கு முன்னால் கிருதாவின் தோலை மேலே இழுக்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அதனால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் மேல் நேராகக் கத்தி வைக்காதீர்கள். தோலை மேலே இழுத்தால் தாடைக்குக் கீழே இருந்த தோல் கன்னத்துக்கு வந்துவிடும், சமதளத்தில் மழிக்கலாம். கழுத்துக்குத் தலையை அண்ணாந்து, காறை எலும்புக்கு மேலே தோலைப் பிடித்துக் கீழே இழுங்கள்.

நுரை பட்ட விரல் வழுக்கும். அதற்குத்தான் படிகாரக் கட்டி பக்கத்தில் இருக்க வேண்டும். இடது கை விரல் நுனிகளை நனைத்துப் படிகாரத்தில் தேய்த்துக்கொண்டால் தோல் ஒட்டிக்கொண்டது போலப் பிடி கிடைக்கும். பெரியவர் அதைக் காயத்துக்குப் பயன்படுத்தியதைவிட விரலுக்குப் பயன்படுத்தியதுதான் அதிகம்.

ஊட்டிக் குளிரில் காலையில் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், ஆனால் குளித்த பிறகு. ஒரு ஜனவரியில் ஊட்டி காந்தலில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. பெருமைக்குக் காலை ஆறு மணிக்குக் கத்தியை எடுத்துவிட்டேன். விரல் மரத்துப்போய், கத்தி கையில் இருக்கிறதா என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. அதைவிட மோசம் கழுத்து. குளிரில் புல்லரித்து நின்ற தோலில் ஒவ்வொரு புள்ளியின் தலையையும் கத்தி சீவிக்கொண்டு போயிற்று. காபி கொண்டுவந்த அத்தை டம்ளரை வைத்துவிட்டு, "ஏண்டா, கழுத்துல என்ன சிவப்பா மஃப்ளர் போட்டிருக்கே?" என்றாள்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பதே சுமார் 93 டிகிரி செல்சியஸில்தான். நமக்கு அவ்வளவு சூடு தேவையில்லை, ஆனால் மக்கில் எடுத்துவைத்த வெந்நீர் இங்கே கண் மூடித் திறப்பதற்குள் ஆறிவிடும். பக்கெட் வெந்நீருக்குள் நுரைக் கிண்ணத்தை மிதக்கவிடுங்கள். கண்ணாடியில் ஆவி படியும். காய்ந்த கண்ணாடியில் துளி சோப்பு தேய்த்து, துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டால் வெகுநேரம் படியாது.

மலைக்காரர்களுக்கு ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஓடைத் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும். சமவெளியில் உப்பேறிய போர்வெல் தண்ணீரில் அதே சோப்பு வெள்ளைத் திட்டாகப் பிரியும். அங்கே போகும்போது ஒரு பாட்டில் குடிதண்ணீர் எடுத்துவைத்துக்கொண்டால் நுரை காப்பாற்றும்.

முடியை அவ்வளவு ஊறவைக்க வேண்டுமா? எஃகுக்கு முன்னால் முடி எம்மாத்திரம்?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். எஃகு, முடியைவிட ஐம்பது மடங்கு கடினம். அப்புறம் ஏன் பிளேடு மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்து மழித்துப் பார்த்து, 2020ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கூர் மெல்ல மெல்லத் தேய்வதைவிட, பொடிப்பொடியாகச் சில்லு தெறிப்பதுதான் காரணமாம். முடி கத்திக்கு நேராக நில்லாமல் வளைந்து சாயும்போது, எஃகின் நுண் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், ஒற்றை முடியே சில்லு பெயர்த்துவிடுகிறது.

ஊறவைப்பதன் அருமை அங்கே புரியும். தண்ணீர் குடித்த முடி மெத்தென்று வெட்டுப்படும். குளித்துவிட்டு வந்து, சூடான ஈரத் துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்து, அதன் மேல் நுரையை பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து ஏற்றுங்கள். டப்பாவிலிருந்து புஸ்ஸென்று வரும் நுரையில் காற்றுதான் அதிகம், வேகமாகக் காய்ந்துவிடும். நல்ல நுரை தயிர் மாதிரி இருக்கும், குமிழி கண்ணுக்குத் தெரியாது. மழிக்கும்போது காய்ந்தால் சங்கடப்படாமல் மறுபடி போடுங்கள். காய்ந்த இடத்தில் கத்தி வைக்கவே கூடாது.

எந்தத் திசையில் இழுப்பது?

முடி படிந்திருக்கும் திசையில். இரண்டு நாள் தாடி வளரவிட்டு, விரலால் தடவிப் பாருங்கள்: வழுக்கிக்கொண்டு போகிற திசைதான் முடியின் போக்கு. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் ஆளுக்கொரு விதம். எனக்கு இடது கழுத்தில் பக்கவாட்டில் ஒரு சுழி இருக்கிறது. வேண்டுமானால் ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் போக்கோடு ஒரே ஒரு சுற்று. அதன் பிறகு இன்னொரு தடவை நுரை போட்டு, குறுக்கே ஒரு சுற்று. எதிர்த்திசை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. சுருட்டை முடிக்காரர்களுக்கு எதிர்த்திசையில் மழித்தால் முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து கொப்புளம் கட்டும். குழந்தைக் கன்னம் மாதிரி ஆக வேண்டும் என்று யார் நம்மிடம் கேட்டார்கள்?

ஓர் அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அழுத்தாதீர்கள், கத்தியின் எடையே போதும். கத்தி தோலில் இருக்கும்போது கூரின் நீளவாக்கில் ஒரு மயிரளவும் நகர்த்தக் கூடாது. காய்கறிக் கத்தி அப்படித்தான் வெட்டும், அதே வேலையைத்தான் இங்கேயும் செய்யும்.

முதல் நாளே முகம் முழுக்கச் செய்யலாமா?

கூடாது. முதல் வாரம் கன்னம் மட்டும், கிருதாவிலிருந்து தாடைக்கு மேல் வரை. மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரம் தாடை. அப்புறம் கழுத்து. முகவாயும் மேலுதடும் கடைசி. வலது கைக்காரர்கள் வலது கன்னத்தில் தொடங்குங்கள். இடது கன்னத்தில் பிடி கண்ணை மறைக்கும். அங்கே கையை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். நான் மாற்றிக்கொள்வதில்லை, இடது கைக்குத் தோலை இழுக்கிற உத்தியோகத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டேன்.

முகவாய், மேலுதடு?

கீழுதட்டைப் பல்லுக்கு மேல் உள்ளிழுத்து மடித்தால் முகவாய் தட்டையாகும். மேலுதட்டுக்கு உதட்டைக் கீழே இழுத்து, மூக்கு நுனியை ஒரு விரலால் தூக்குங்கள். அரை அங்குல இழுப்பு. மீசை வைத்திருப்பவர்களுக்குப் பாதித் தொல்லை இல்லை. நான் மீசை வைத்ததற்கு உண்மையான காரணம் அதுதான், வீட்டில் சொல்லவில்லை.

வெட்டுப்பட்டால்?

குளிர்ந்த தண்ணீர், அப்புறம் நனைத்த படிகாரத்தை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். சவரம் முடிந்தபின் முகம் முழுக்கவும் படிகாரம் தடவிக் கழுவலாம். எங்கெல்லாம் எரிகிறதோ அங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தத்துக்கு டாக்டரைப் பாருங்கள்.

கத்தி கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்திக்கொள்ளுங்கள், விழட்டும். வாஷ்பேசினில் ஒரு துண்டை விரித்து வைத்தால் விழுந்தாலும் கூர் பெயராது. துண்டு விரிக்காத ஒருநாள் என் கத்தி குழாயில் பட்டு, கூரில் கடுகளவு ஒரு பொத்தல். அதைக் கல்லில் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

வாரில் தீட்டுவது எதற்கு? தினமுமா?

பிளேடு கத்திக்கு இது வேண்டாம், தாண்டிப் போகலாம்.

முழுக் கத்திக்கு ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். வார் எஃகைத் தேய்ப்பதில்லை என்றே சொல்லலாம். சவரத்தில் கூர் விளிம்பு அங்கங்கே வளைந்து கோணலாகும். அதை நேராக்குவதுதான் வாரின் வேலை. துணிப் பக்கத்தில் இருபது தடவை, தோல் பக்கத்தில் ஐம்பது தடவை. போய் வருவது ஒரு கணக்கு.

வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறு முனையை இழுத்துப் பிடியுங்கள். தொய்வு கூடாது. தொய்ந்த வாரில் கூர் உருண்டுவிடும். கத்தியைத் தட்டையாகப் படுக்கவையுங்கள்: முதுகும் கூரும் இரண்டும் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னால் போகும், கூர் பின்னால் இழுபடும். முனைக்கு வந்ததும், முதுகை வாரை விட்டு எடுக்காமல், அதன் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்ப வேண்டும். கூரின் மேல் புரட்டினால் வார் வெட்டுப்படும். என் முதல் வாரில் மூன்று வெட்டு இருக்கிறது, மூன்றும் முதல் வாரத்தில் விழுந்தவை. சினிமாவில் வருகிற மாதிரி சரக் சரக்கென்று வேகம் காட்டியதன் கூலி. இப்போதும் மெதுவாகத்தான் செய்கிறேன், ஆனால் எண்ண மறப்பதில்லை.

எங்கள் அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். கவாத்து நாட்களில் தேயிலைச் செடியை வெட்டும் கத்தியை வாசல்படியில் உட்கார்ந்து கல்லில் தீட்டி, கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டிப் பதம் பார்ப்பார். அதே பழக்கத்தில் நான் சவரக்கத்தியையும் விரலில் பார்த்தேன். விரலில் கோடு விழுந்தது, கூரும் கெட்டது. பதம் பார்க்க வேண்டுமானால் முன்கை முடியில் தோலைத் தொடாமல் ஓட்டுங்கள். முடி துள்ளி விழுந்தால் போதும்.

கல்லில் எப்போது தீட்டுவது?

வாரில் எத்தனை தடவை இழுத்தும் முகத்தில் முடியைப் பிடித்து இழுக்கிறது என்றால். எனக்கு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை வரும். வாருக்கு நேர் எதிராக, கல்லில் கூர் முன்னால் போக வேண்டும். கல்லுக்கு எண் உண்டு, எண் ஏற ஏறக் கல் நைசாகும். கூரைப் புதிதாக எடுக்க 1000 எண் கல், மெருகேற்ற 8000, அதற்கு மேல் 12000. முதல் வருடம் நீங்களே செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வருகிற சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் அரிவாள்மனைக்கு ராஜா, ஆனால் அந்தச் சக்கரத்தின் சூட்டில் சவரக்கத்தியின் பதம் போய்விடும்.

மழைக்காலத்தில் கத்தி துருப்பிடிக்கிறது. நீலகிரித் தைலம் தடவலாமா?

இந்தக் கேள்வியை நம் ஊரைத் தவிர வேறு எங்கும் கேட்க மாட்டார்கள். தடவ வேண்டாம். நீலகிரித் தைலம் ஆவியாகிற எண்ணெய். கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும், கத்தி மொட்டையாக நிற்கும். பழைய கத்தியில் ஒட்டியிருக்கும் பசையையும் அழுக்கையும் துடைக்க வேண்டுமானால் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் சவரம் செய்த முகத்தில் தடவிவிடாதீர்கள், தீ பிடித்தது போல எரியும்.

தேங்காய் எண்ணெயும் சரிப்படாது. 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் நம் வீடுகளில் வருடத்தில் பாதி நாள் வெண்ணெய்க் கட்டியாகத்தான் இருக்கும், தவிர நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஜப்பானில் கத்திகளுக்குக் கமேலியா எண்ணெய் தடவுகிறார்கள். கமேலியா என்றால் வேறெதுவும் இல்லை, நம் தேயிலைச் செடியின் குடும்பம்தான். தேயிலையின் தாவரவியல் பெயரே கமேலியா சினென்சிஸ். இத்தனை ஏக்கர் தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானிலிருந்து எண்ணெய் வரவழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்தும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது கத்தியைக் குளியலறையில் வைக்கவே வைக்காதீர்கள். கழுவி, துணியால் ஒற்றி, காற்றில் பத்து நிமிடம் திறந்து வைத்து, எண்ணெய் தடவி, மூடிபோட்ட டப்பாவில் கொஞ்சம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலம்தான். மடக்கும் இடத்தில், ஆணியைச் சுற்றி ஈரம் தங்கும். துரு அங்கேதான் முதலில் தொடங்கும். வாரைச் சுவரில் சாய்த்துத் தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சமையலறைப் பக்கம், அடுப்பின் சூடு நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள்.

யாருக்கெல்லாம் இது வேண்டாம்?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புண் ஆறத் தாமதமாகும் அளவுக்குச் சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். முகத்தில் பருவோ படையோ இருக்கும்போதும் வேண்டாம். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்யுங்கள். தொடக்கத்தில் முக்கால் மணி நேரம் ஆகும், எனக்கு இப்போதும் இருபது நிமிடத்துக்குக் குறையாது.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கத்திக்குப் பூட்டு வேண்டும். உயரமான அலமாரி போதும் என்பார்கள். என் மகள் நாலு வயதிலேயே முக்காலி போட்டு ஏறினாள்.

காசு மிச்சமாகுமா?

கணக்குப்படி ஆகும், நடைமுறையில் ஆகாது. பிளேடு வாங்கும் செலவு நின்றுவிடும். அப்புறம் இரண்டாவது கத்தி, ஒரு நல்ல பிரஷ், இன்னொரு கல் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். என் மனைவி இதற்கென்று ஒரு நோட்டில் கணக்கு எழுதிவைத்திருக்கிறாள்.

எத்தனை நாளில் கை பழகும்?

முப்பது சவரம் வரை வெட்டுப்படாமல் முடிப்பதே பெரிய காரியம். நூறு வரை நிதானம் வரும். நாற்பதாவது சவரம் வாக்கில் "வந்துவிட்டது" என்று ஒரு தைரியம் வரும் பாருங்கள், அந்த வாரம்தான் எனக்கு முகவாயில் தையல் போடுகிற அளவுக்கு வெட்டு விழுந்தது. அன்றைக்கு இடது கையில் போன் இருந்தது.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் கூடாது, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஏற்றி அனுப்புகிற பெட்டிக்குள் உறைபோட்டு வையுங்கள். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் சட்டைப் பையில் வேண்டாம்.